பைய அண்ணாச்சி இடித்த லாட்ஜ்

திருநெல்வேலிச் சீமை இதுவரை பெற்றெடுத்த பயந்தாங்கொள்ளிகளை வரிசையாக நிறுத்தினால், முதல் ஆளாக நிற்க வேண்டியவர் பைய அண்ணாச்சி. ஆனால் நிற்க மாட்டார். முதலில் நிற்கப் பயந்து நடுவில் போய் ஒளிந்துகொள்வார். மாட்டைக் கண்டால் பயம், மின்னலைக் கண்டால் பயம், பெட்டிக்கடையில் சோடா உடைக்கிற சத்தத்துக்குக்கூட நெஞ்சில் கையை வைத்துக்கொள்வார். எங்களூர் ஈரடுக்குப் பாலத்தில் அவர் கால் வைத்ததே கிடையாது. மேல் அடுக்கில் போனால் கீழே விழுந்துவிடுவோமோ என்று பயம். கீழ் அடுக்கில் போனால் மேல் அடுக்கு தலையில் விழுந்துவிடுமோ என்று பயம். ஜங்ஷனிலிருந்து டவுனுக்குப் போக அவர் சுற்றிய சுற்றில் மற்றவர்கள் தென்காசிக்கே போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

இப்பேர்ப்பட்ட மனிதர் வயிற்றுப்பாட்டுக்குச் செய்த தொழில், கட்டடம் இடிப்பது.

'பைய' என்றால் எங்கள் பக்கம் மெதுவாக என்று அர்த்தம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அந்த ஒரு சொல்லை வைத்தே அவர் காலத்தை ஓட்டினார். காப்பியைப் பைய ஆற்று, கதவைப் பைய சாத்து, கடப்பாரையைப் பைய போடு. அப்பா அம்மா ஆசையாக வைத்த பேர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். அது என்னவென்று ஜங்ஷனில் யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஜங்ஷனில் எனக்கு ஒரு கேசட் கடை இருந்தது. வெறும் கேசட்டைக் கொண்டுவந்து, வேண்டிய பாட்டுகளைச் சொல்லிவிட்டுப் போனால் பதிந்து வைப்பேன். படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல், வீட்டில் உட்கார்ந்து வசவு வாங்கி, கடைசியாகக் கிடைத்த பிழைப்பு அது. அதுவும் போய்விட்டால் திரும்பவும் வீட்டுக்கு வந்து வசவு வாங்க வேண்டியதுதான்.

கடையை ஒட்டி ஐந்து மாடி லாட்ஜ் ஒன்று நின்றது. சென்னைக்காரர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அன்றைக்கு எங்களுக்கு வானத்தை முட்டுகிற கட்டடம் என்றால் அதுதான். கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க ஆழ்வார்குறிச்சியிலிருந்து வருகிறவர்கள், ஜவுளியை எடுத்து முடித்ததும் எதிரே நின்று அதை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். ஒரு மழைக்காலத்தில் அதன் தூண்களில் விரிசல் கண்டது. பார்க்க வந்த அதிகாரி, தங்கியிருந்தவர்களை உடனே வெளியேறச் சொல்லிவிட்டு, அவர்களுக்கு முன்னால் தாம் வெளியேறினார். இடித்துவிடுவது என்று முடிவாயிற்று.

லாட்ஜுக்கும் என் கடைக்கும் நடுவில் இருந்தது ஒரே சுவர். என் கடைக் கூரையைத் தாங்கிய உத்தரங்களின் ஒரு முனை அந்தச் சுவருக்குள்தான் செருகியிருந்தது. லாட்ஜ்காரர்கள் அதை அவசரப்பட்டு எடுத்தால் என் கூரையும் கூடவே போகும். கூரை போனால் கேசட்டுகள் போகும், பதிகிற மெஷின் போகும், நான் வீட்டுக்குப் போக வேண்டும்.

அந்த நிலையில்தான் ஒரு கையில் குடையும் மறு கையில் மர ஸ்டூலுமாக அண்ணாச்சி வந்து சேர்ந்தார். ஸ்டூலை லாட்ஜ் பக்கத்தில் போடவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்து, கட்டடத்தைப் பார்த்தார். அன்று முழுவதும் பார்த்தார். மறுநாளும் பார்த்தார். பொறுக்க முடியாமல் நான் போய்க் கேட்டேன்.

“அண்ணாச்சி, இத எப்ப முடிப்பிய?”

“கட்டுனவன் எம்புட்டு நாள் கட்டுனான் தம்பி?”

“ரெண்டு வருசம் இருக்கும்.”

“அப்ப நமக்கு மூணு வேணும். கட்டும்போது கீழருந்து மேல போனான். அவனுக்கு என்ன பயம்? நாம மேலருந்து கீழ வாரோம்லா. பையதான் வரணும்.”

இப்படி ஒரு கணக்கை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

அவர் வேலை வாங்கிய முறையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். சம்மட்டி ஓங்கி அடித்தால் சத்தத்துக்குப் பயம். ஆகவே காங்கிரீட்டைச் சின்னச் சுத்தியலால் கொத்திக் கொத்தி எடுக்க வேண்டும். தூசி பறந்தால் இருமல் வருமென்று பயம். ஆகவே நாள் முழுக்கத் தண்ணீர் தெளிக்க வேண்டும். கல் தெறித்தால் பயம். ஆகவே கட்டடத்தைச் சுற்றி மூங்கில் கட்டி, சாக்குப் படுதா போட்டு, ஏதோ கோஷாப் பெண்ணைப் போல அதை மூடி வைத்தார். உடைத்த கல்லை மாடியிலேயே குவித்து வைத்தால் தளம் பாரம் தாங்காதே என்று பயம். ஆகவே அடியை வெட்டிய தார் டிரம்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் குழாய் மாதிரி இறக்கி, அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லைத் தள்ளச் சொன்னார். உச்சி மாடியை முழுக்க எடுத்து முடிக்காமல் அடுத்த மாடியில் ஒரு ஆணிகூடப் பிடுங்கக் கூடாது.

ஆட்கள் விழுந்துவிட்டால்? அதற்குத்தான் பயம் அதிகம். மேலே வேலை செய்கிறவர்கள் எல்லார் இடுப்பிலும் கயிறு கட்டச் சொன்னார். ஆட்களில் வாய்த்துடுக்கு சுடலைக்கு. மாடியிலிருந்து கீழே பார்த்துக் கத்தினான்.

“அண்ணாச்சி, கன்னுக்குட்டி மாரி கட்டிப் போட்டுட்டிய. அப்படியே ரெண்டு கட்டு புல்லும் அனுப்பி வைங்க.”

“லே மூதி, கன்னுக்குட்டிக்கி அறிவிருக்கு, மாடித் தட்டட்டி ஓரத்துக்குப் போவாது. நீ போவ. கட்டுலே கயித்த.”

மேலே ஏறி ஒரு தடவையாவது பார்த்தாரா என்றால், முதல் படியில் ஒரு கால் வைத்தார், இரண்டாவது காலைத் தூக்கும்போது தலை சுற்றுகிறது என்று இறங்கிவிட்டார். ஐந்து மாடிக் கட்டடத்தை இடிக்க ஒப்புக்கொண்டவர் ஒரு படிகூட ஏறாமல் இடித்தது உலகத்தில் வேறெங்காவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்திக் கத்தி அவர் தொண்டை கட்டிப் போயிற்று. ஒருநாள் என் கடைக்குள் வந்து, வாசலில் தொங்கிய குழாய் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார். பாட்டுப் போட்டு ஆட்களை இழுப்பதற்காக நான் மாட்டியிருந்தது அது.

“தம்பி, இதுல மைக்கு மாட்டலாமா?”

என் கடை, என் கூரை, என் சுவர் எல்லாம் அவர் கையில். மாட்டமாட்டேன் என்று சொல்ல எனக்கு எங்கே தைரியம்? மைக் மாட்டிக் கொடுத்தேன். அன்றைக்கு ஆரம்பித்ததுதான். என் ஒலிபெருக்கியில் பாட்டு நின்றது, ‘பைய’ தொடங்கியது. “பைய... பைய லே... வலப்பக்கம் பைய...” என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை ஜங்ஷன் முழுக்க ஒரே குரல். முதலில் ஜனங்கள் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள். பிறகுதான் வேடிக்கை. பைபாஸில் பறந்து வருகிற பஸ்கள்கூட என் கடைப் பக்கம் வந்ததும் தம்மை அறியாமல் வேகத்தைக் குறைத்தன. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் ஒன்று அந்த இடத்தில் நத்தை மாதிரி நகர்ந்து முகூர்த்தத்தைத் தவறவிடப் பார்த்தது. வாய்ச்சண்டை முற்றிச் சட்டையைப் பிடிக்கப் போன இரண்டு ஆட்டோக்காரர்கள், “பைய லே” என்ற குரல் கேட்டதும் கையை எடுத்துவிட்டார்கள். போலீசால் முடியாத காரியம் அது.

இத்தனையும் போதாதென்று பல்லி வேறு. காலையில் பல்லி சொல்லாமல் அண்ணாச்சி கடப்பாரையைத் தொடவிட மாட்டார். கட்டடத்துக்குள் எங்காவது ஒரு பல்லி ‘இச் இச்’ என்று சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் வேலை. இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று கேட்டேன்.

“நாம இடிக்கது அதோட வீட்ட வே. லாட்ஜ்ல இருந்தவனுக்கெல்லாம் நோட்டீசு குடுத்தாங்கள்ல? அதுட்ட ஒரு வார்த்த கேக்காண்டாமா?”

மாடிகள் ஒவ்வொன்றாக இறங்கின. பல்லிகளும் இறங்கின. இறங்கி எங்கே போகும்? என் கடைக்கு வந்தன. கேசட் டப்பாவைத் திறந்தால் பல்லி. ஹெட்போனை எடுத்தால் பல்லி. பாட்டுப் பதிந்து வாங்கிப்போன ஒரு டீச்சரம்மா, வீட்டில் போய்த் திறந்து பார்த்துவிட்டு, கேசட்டை விட்டுவிட்டுப் பல்லியை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது பல்லி சொல்வதைக் கேட்க அண்ணாச்சி தினமும் காலையில் என் கடைக்கே வந்துவிடுவார். பொதுச்சுவரை ஒட்டி ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு, காதைச் சுவரில் வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். அதுவரை நான் பாட்டுப் போடக் கூடாது. காலை வியாபாரம் அதோடு படுத்தது.

அப்படி உட்கார்ந்திருந்த ஒருநாள் ஆணி விட்டுப்போய் ஒரு கேசட் அலமாரி சரிந்து விழுந்தது. விழுந்த சத்தம் அடங்குவதற்குள் நாற்காலி காலியாக இருந்தது. தேடிப் பார்த்தால், அண்ணாச்சி ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்குள் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். அந்த வயதில், அந்த வேட்டியோடு, அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை.

லாட்ஜ் முதலாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே பேசுகிறவர். லாட்ஜ் இருந்த இடத்தில் வணிக வளாகம் கட்டப்போகிறார். ஆவணியில் முகூர்த்தம் குறித்து, அடிக்கல் நாட்ட ஒரு அமைச்சரையும் பிடித்துவிட்டார். அண்ணாச்சி கேட்ட மூன்று வருடம் ஆகவில்லைதான், ஆனாலும் ஆனித் தேரோட்டம் முடிந்து ஆடி பிறந்தபோது லாட்ஜ் கிட்டத்தட்டத் தரைமட்டம். மிச்சம் இருந்தது பொதுச்சுவர் ஒன்றுதான். அது என் கடைக் கூரைக்கு மேலேயும் ஒரு மாடி உயரம் தனியாக நின்றது. அந்த மேல்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, கீழே என் உத்தரம் இருக்கிற பகுதியை விட்டுவிட்டால் வேலை முடிந்தது.

பார்த்து ஆடிக்காற்று கிளம்பியது. மேற்கே மணிமுத்தாறு மலைப்பக்கமிருந்து சாரலும் சேர்ந்து வந்தது. குளிருக்குப் பல்லிகள் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள், மறுநாள், அதற்கும் மறுநாள். அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. முதலாளி என் கடைக்கே வந்து சத்தம் போட்டார்.

“என்னவே, பல்லிக்கித் தொண்ட கட்டிட்டோ? காண்டிராக்டு உமக்குக் குடுத்தனா, பல்லிக்கிக் குடுத்தனா?”

“காத்து அடிக்கி மொதலாளி. ஒத்தச் செவுரு. காத்துக்குள்ள அதத் தொட்டா நம்ம பேச்சக் கேக்காது. இந்தப் பையன் கூரையும் அதுலதான் கெடக்கு.”

“கூர போனா வேற கூர போட்டுக்கிடட்டும். எனக்கு முகூர்த்தம் போச்சுன்னா அமைச்சர் திரும்ப வருவாரா?”

சாவியைச் சுழற்றிக்கொண்டே போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, காலையில், அண்ணாச்சியை நாற்காலியில் விட்டுவிட்டு எதிரே டீ குடிக்கப் போனேன். ஒரு வாய் குடித்திருப்பேன். முதலாளியின் ஆட்கள் லாரியிலிருந்து ஒரு தேங்காய் நார் வடத்தை இறக்குகிறார்கள். தேர் வடம் தோற்றது, அவ்வளவு பருமன். ஏணி வைத்து ஏறி, சுவர் உச்சியில் இரண்டு ஓட்டை போட்டு, வடத்தைக் கோத்துக் கட்டி, மறுமுனையைக் காலி இடத்தின் வழியாக ரோடு வரைக்கும் நீட்டிப் போட்டார்கள்.

மற்ற ஊராக இருந்தால் இழுப்பதற்குக் கூலிக்கு ஆள் பிடித்திருக்க வேண்டும். திருநெல்வேலியில் அந்தக் கவலை இல்லை. வடத்தைத் தரையில் போட்டால் போதும். அதுவும் ஆனித் தேர் இழுத்த கை இன்னும் அரிப்பு அடங்காத நேரம். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள். தாலுகா ஆபீசுக்குப் போகவேண்டியவர்கள் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள். எதை இழுக்கிறோம், எதற்கு இழுக்கிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்னொருவர், “தடி போட ஆளு எங்கலே?” என்று, தேரை நெம்பித் தள்ளுகிற பழக்கத்தில் சக்கரத்தைத் தேடினார்.

எதற்கு இந்த வடம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினேன். “இழுக்காதீங்க, உள்ள ஆளிருக்கு! என் கட இருக்கு!” என்று கத்தினேன். அந்தக் கூட்டத்து இரைச்சலில் யார் காதில் விழும்? சுவாமி தேருக்குப் பின்னால் அம்மன் தேர் வருகிற மாதிரி, அந்தச் சுவருக்குப் பின்னால் என் கடை புறப்படப்போகிறது. நான் அழாத குறை. பக்கத்தில் நின்ற ஆள் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு நகர்ந்துகொண்டார்.

“எடம் இல்லன்னா வருத்தப்படுதிய? இங்கன வந்து பிடிங்க தம்பி.”

வடம் தரையை விட்டு எழும்பி விறைத்தது. சுவர் உச்சியிலிருந்து சிவப்புப் பொடி உதிர்ந்தது. முதலாளி கையை உயர்த்தினார்.

அப்போது என் ஒலிபெருக்கி கரகரத்தது.

“பைய...”

ஒரே ஒரு சொல்தான். இழுக்கக் குனிந்த அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். வேண்டுமென்று நிற்கவில்லை. மாதக்கணக்கில் அந்தக் குரலுக்குப் பழகிப்போன கைகள் தாமாகத் தளர்ந்தன. வடம் தொய்ந்தது.

“பைய லே... நான் உள்ள உக்காந்திருக்கேன்லே... இந்தச் செவுத்து ஓரமா, பாட்டுக்கடைக்குள்ள... வடத்த விடுங்கய்யா...”

குரல் அழுகிற மாதிரி இருந்தது. பல் தந்தியடிக்கிற சத்தத்தைக்கூட ஒலிபெருக்கி ஜங்ஷன் முழுக்க ஒலிபரப்பியது.

“ஏ, நம்ம பைய அண்ணாச்சில்லா!” என்றார் செருப்பைக் கழற்றிய பெரியவர். வடத்தைச் சுடுகிற சட்டியைப் போலக் கீழே போட்டார். வரிசையாக எல்லோரும் போட்டார்கள்.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. “வெளிய வாரும் வே!”

“வரமாட்டேன். தேருக்குச் சக்கரம் இருக்கு மொதலாளி, இழுத்தா உருண்டு வரும். செவுத்துக்குச் சக்கரமா இருக்கு? விழுதது எந்தப் பக்கம்னு நீங்க சொன்னா அது கேக்குமா?”

கூட்டம் சிரித்த சிரிப்பில் முதலாளியின் கார் சாவி சுழல்வது நின்றது. சக்கரம் தேடியவர்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். முதலாளி காரில் ஏறிப் போனார்.

கடைக்குள் ஓடினேன். அண்ணாச்சி நாற்காலியில் இருந்தார். இரண்டு கையாலும் மைக்கை இறுக்கிப் பிடித்திருந்தார், கண் மூடியிருந்தது, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தலையெல்லாம் செங்கல் பொடி.

“அண்ணாச்சி, என் கடைக்காவ உசுரக் குடுக்கப் பாத்தியளே...”

“போவும்வே, உசுரக் குடுக்கேனாம். வடத்தப் பாத்ததும் ஓடத்தான் பாத்தேன். காலு வரல. மைக்கு கையில கெடந்துச்சு, பேசுனேன். ஒரு சோடா வாங்கியாரும்... இங்க வச்சு உடைக்காண்டாம், அங்கனயே உடைச்சு வாங்கியாரும்.”

ஊர் முழுக்க இதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். பயத்தில் கால் வரவில்லையாம். ஊரும் நம்பிச் சிரித்தது. நானும் அவர் முன்னால் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அந்த நாற்காலிக்கும் வாசலுக்கும் ஒரு எட்டுதான் தூரம். அலமாரி சரிந்தபோது சத்தம் அடங்கும் முன் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்த கால்கள் அவை. அவை வராமல் போயின என்பதை மட்டும் நான் இன்றுவரை நம்பவில்லை.

காற்று அடங்கிய பிறகு ஒருநாள் காலையில் பல்லி சொன்னது. சுவரின் மேல்பகுதியை ஒவ்வொரு செங்கல்லாக எடுத்துக் கூடையில் இறக்கினார்கள். என் உத்தரத்தில் ஒரு கீறல் விழவில்லை. ஆவணி முகூர்த்தத்துக்குள் வேலை முடியவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா? அமைச்சர் வந்து காலி மனையின் ஒரு மூலையில் அடிக்கல் நாட்டினார். சிமென்ட்டைக் கரண்டியில் எடுக்கும்போது ஒலிபெருக்கி “பைய...” என்றது. திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்துவிட்டு, அமைச்சர் பையவே பூசினார்.

வளாகம் மளமளவென்று எழும்பியது. திறப்பு விழாத் தோரணம் வாடுவதற்குள் சுவரில் மயிர்க்கோடு மாதிரி விரிசல் விட்டது. அண்ணாச்சி ரோட்டுக்கு அந்தப் பக்கம் குடையோடு நின்று அதை வெகுநேரம் பார்த்தார். “இதுவும் நம்ம கைக்குத்தான் வரும் போலருக்கு தம்பி,” என்றார். வருத்தப்பட்டது மாதிரியும் இருந்தது, சந்தோஷப்பட்டது மாதிரியும் இருந்தது. வளாகம் அவருக்காகக் காத்திருந்தது. அவரால்தான் காத்திருக்க முடியவில்லை. சில வருடத்தில், யாரையும் பைய என்று சொல்லக்கூட நேரமில்லாமல், ஒரு காலையில் படுக்கையிலேயே போய்விட்டார். தூக்கிக்கொண்டு போனபோது சுடலை முன்னால் நடந்தான். அவன் யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை, எல்லோரும் பையத்தான் நடந்தோம்.

கேசட் போய், சிடி போய், இப்போது என் கடையில் செல்போன் விற்கிறது. ஒலிபெருக்கி எங்கே போயிற்றென்று தெரியவில்லை. வளாகத்தில் என் கடையை ஒட்டியிருக்கிற கடையையும் வாங்கி, அந்தப் பொதுச்சுவரை எடுத்துவிட்டால் கடை விசாலமாகும் என்று மகன் நச்சரிக்கிறான். “பைய பாப்போம்லே,” என்று சொல்லி நாளைக் கடத்துகிறேன். என்னப்பா யோசிக்கிற, வெறும் செங்கல்தானே என்கிறான். அவனுக்கு எப்படிச் சொல்வது? சுவரோரம் நாற்காலி போட்டு ஒரு மனுஷன் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் எனக்கு இன்னும் தோன்றுகிறது. அவர் எழுந்திருக்கட்டும், அதன் பிறகு இடிக்கலாம்.